எந்தப் புழுவுக்கு எந்தச் செடி: மேகாலயக் குன்றுகளின் பன்றி வளர்ப்பும் மூலிகைக் குடற்புழு நீக்கமும்

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 90 லட்சம் பன்றிகள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 21 லட்சம் அசாமில் மட்டும் இருந்தன. ஜார்க்கண்டும் மேகாலயமும் அதற்கடுத்த இடங்களைப் பெற்றன. வடகிழக்கு மலைநாட்டில் பன்றி என்பது பெரும்பாலும் பெரும்பண்ணைத் தொழிலன்று. வீட்டுக்குப் பின்புறம், தரையிலிருந்து சற்றே உயர்த்திப் பலகை பரப்பிய சிறு கொட்டிலில், ஒன்றோ இரண்டோ குட்டிகளை வாங்கிவிட்டு, சேம்பின் தண்டும் இலையும், சர்க்கரைவள்ளிக் கொடியும், தவிடும், சமையற்கட்டின் மிச்சமும் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் வேகவைத்துக் கொடுத்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கோ வீட்டுத் திருமணத்துக்கோ உதவும் சேமிப்பாகப் பெண்கள் அதை வளர்த்துவருகிறார்கள். 2020-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அப்பகுதியில் நுழைந்து ஏராளமான பன்றிகளை அழித்த பின்னர், எஞ்சிய ஒவ்வொரு விலங்கும் அக்குடும்பங்களுக்கு முன்னிலும் அரிய பொருளாகிவிட்டது. குடற்புழு அந்தக் காய்ச்சலைப் போல ஒரே வாரத்தில் கொட்டிலைக் காலி செய்வதில்லை. தின்ற தீனி உடம்பில் ஒட்டாமல் குட்டியை மெலியச் செய்து, விற்பனைக்குரிய எடையை எட்டும் நாளைத் தள்ளிப்போடுகிறது. இழப்பு கண்ணுக்குத் தெரியாததால் அது கணக்கில் ஏறுவதுமில்லை.

இந்த இழப்பைத் தடுக்கச் செடிகளை நாடுவது நியாயமான விருப்பமே. கால்நடை மருத்துவமனை பல மலைமுகடுகளுக்கு அப்பால் இருக்கும்போது, வேலியோரத்தில் வளரும் செடி கைக்கெட்டும் மருந்தாகத் தோன்றுவதில் வியப்பில்லை. மேலும், ஆலைகளில் செய்யப்படும் மருந்துகளும் என்றென்றும் பயன்தரும் என்று நம்புவதற்கில்லை. பன்றிகளின் பெருங்குடலில் வாழும் முடிச்சுப்புழு, வழக்கமான மருந்துகள் சிலவற்றைத் தாங்கிப் பிழைக்கும் திறன் பெற்றுவிட்டது டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் கண்டறியப்பட்டுள்ளது. ஆனால் மூலிகை பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரு தவறான கேள்வியிலேயே தொடங்குகிறது. ‘இந்தச் செடி புழுவைக் கொல்லுமா?’ என்பது அக்கேள்வி. எந்தப் புழுவை, செடியின் எந்த உறுப்பால், எந்த அளவில், குடலின் எந்தப் பகுதியில் என்று பிரித்துக் கேட்காதவரை அக்கேள்விக்குக் கிடைக்கும் எந்த விடையும் பன்றிக்குப் பயன்படாது.

பன்றியின் உள்ளுறுப்புகளில் வாழும் புழுக்கள் ஒரே இனத்தவை அல்ல. முதன்மையானது பன்றி உருளைப்புழு. வெளிறிய நிறமும் பென்சில் பருமனும் கொண்ட இப்புழு சிறுகுடலில் எதையும் பற்றிக்கொள்ளாமல் உணவோட்டத்தை எதிர்த்து நெளிந்தபடி வாழ்கிறது. பெண்புழு 20 முதல் 40 செ.மீ. வரை நீளும், ஒரு நாளில் இரண்டு லட்சம் முட்டைகளுக்குக் குறையாமல் இடும். சாணத்தோடு வெளியேறும் முட்டை உடனே தொற்றுவதில்லை. வெப்பமும் ஈரமும் வாய்த்தால் சில வாரங்களில் அதனுள் இளம்புழு முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகிறது. தடித்த ஓட்டின் துணையால் அது மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். விழுங்கப்பட்ட முட்டையிலிருந்து வெளிப்படும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து ஈரலுக்கும், அங்கிருந்து நுரையீரலுக்கும் சென்று, மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் வந்து தங்குகிறது. இறைச்சிக்கடையில் ஈரலின் மேல் காணப்படும் வெண்புள்ளிகள் இப்பயணம் விட்டுச்சென்ற தழும்புகளே. தொற்றிய நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கழிந்த பின்னரே புழு முட்டையிடத் தொடங்கும் என்பதையும், குடலில் செயற்படும் மருந்து ஈரலிலும் நுரையீரலிலும் உலவும் இளம்புழுவை எட்டுவது அரிது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சாட்டைப்புழு, தலைப்பகுதியைப் பெருங்குடலின் சுவருக்குள் புதைத்துக்கொண்டு இரத்தக் கழிச்சலை உண்டாக்குகிறது. முடிச்சுப்புழுவின் இளம்பருவம் அதே பெருங்குடலின் சுவரில் கட்டிகளை எழுப்புகிறது. நூல்போன்ற மிகச் சிறிய புழு ஒன்று தாயின் பால் வழியாகவே குட்டிகளைத் தொற்றுகிறது. நுரையீரல் புழு மண்புழுவின் உடல் வழியாகப் பன்றியை அடைகிறது. வடகிழக்கின் தாழ்நிலங்களிலும் நீர்நிலைகளை ஒட்டிய ஊர்களிலும் இவற்றோடு மாபெரும் குடல் இலைப்புழுவும் சேர்ந்துகொள்கிறது. நத்தையில் வளர்ந்து நீர்த்தாவரங்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் இதன் இளம்பருவத்தைப் பச்சையாகத் தின்னும் பன்றியும் மனிதரும் ஒருசேரத் தொற்றுக்கு ஆளாகிறார்கள். நீர்ச்செடிகளை வேகவைத்துத் தீனியாக்கும் வழக்கம் எந்த மூலிகையும் இல்லாமலேயே இவ்வொரு புழுவைத் தடுத்துவிடுகிறது.

‘எந்தப் புழு’ என்ற கேள்வியின் கனத்தை உணர்த்த மேகாலயத்தின் ஒரு கிழங்கே போதும். காசி, ஜெயிந்தியாக் குன்றுகளில் சோஃப்லாங் என்று அழைக்கப்படும் அவரைக் குடும்பத்துக் கொடியின் கிழங்கு ஷில்லாங் சந்தைகளில் குவித்து விற்கப்படுகிறது. மண்ணைக் கழுவி, மெல்லிய தோலை நகத்தால் உரித்தால் உள்ளே வெண்மையும் சாறும் நிறைந்த சதை தென்படும். எள்ளை ஒத்த ஒருவகை விதையின் விழுதைத் தொட்டுக்கொண்டு அதைப் பச்சையாகவே மக்கள் தின்கிறார்கள். வயிற்றில் புழு இருப்பதாக ஐயம் வந்தால் மட்டும் தோலை உரிக்காமல் தின்பது அவர்களுடைய மரபு. மருந்து தோலில் இருக்கிறது என்ற இந்தப் பழைய அறிவை ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் ஆய்வாளர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டு 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கிழங்குத் தோலின் சாற்றில் கோழியின் நாடாப்புழுவையும் மாட்டின் இரைப்பை இலைப்புழுவையும் இட்டபோது அவை ஒரு மணி நேரத்துக்குள் அசைவற்றுப்போயின. பன்றியின் குடலிலிருந்து எடுத்த உருளைப்புழுவை அதே சாற்றில் இட்டபோதோ அது நெடுநேரம் கழிந்தும் எவ்வித மாற்றமுமின்றி நெளிந்துகொண்டிருந்தது. நாடாப்புழுவுக்கும் இலைப்புழுவுக்கும் மேற்பரப்பே உணவை உறிஞ்சும் உயிருள்ள படலம். சாறு அதன் வழியே எளிதில் உட்புகும். உருளைப்புழுவோ கொலாஜன் என்ற புரதத்தாலான தடித்த புறத்தோலைப் போர்த்திருக்கிறது. சாறு அதைத் துளைக்கவில்லை.

அக்கிழங்கின் வீரியமுள்ள பொருள் ஜெனிஸ்டீன் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. சோயா மொச்சையிலும் உள்ள இச்சேர்மம் பன்றியின் குடல் இலைப்புழுவினுள் நிகழும் வேதிவினைகளைக் குலைப்பதை அதே ஆய்வுக்கூடத்தார் விவரித்துள்ளனர். ஆகவே சோஃப்லாங் ‘புழு மருந்து’ என்று சொல்லும் பாட்டியும் பொய் சொல்லவில்லை, அது பயனற்றது என்று சொல்லும் கால்நடை மருத்துவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு புழுக்களைப் பற்றிப் பேசுகிறார்கள். உருளைப்புழுவால் மெலிந்த குட்டிக்குச் சோஃப்லாங் தோலைக் கொடுத்துக் காத்திருப்பவர் காலத்தை இழப்பார். ஜெனிஸ்டீன் பெண்மை இயக்குநீரை ஓரளவு ஒத்துச் செயல்படக்கூடியது என்பதால், சினைப்பன்றிக்கு அதைப் பெருமளவில் கொடுப்பதும் உகந்ததன்று.

உருளைப்புழுவின் புறத்தோலையே தாக்கும் செடி வேறு, அது பப்பாளி. காயைக் கீறும்போது வடியும் பாலில் பப்பைன் முதலிய புரதம் சிதைக்கும் நொதிகள் உள்ளன. நொதி என்பது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதப் பொருள். இங்கே அது இறைச்சியை மென்மையாக்குவது போலவே புழுவின் கொலாஜன் போர்வையையும் அரித்துக் கிழிக்கிறது. நரம்பைச் செயலிழக்கச் செய்யும் ஆலை மருந்துகளின் வழியிலிருந்து இது முற்றிலும் வேறுபட்டது. ஆதலால் அம்மருந்துகளைத் தாங்கப் பழகிய புழுவிடமும் இது பலிக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு இடமுண்டு. 1994-இல் வெளியான இந்தோனேசிய, டென்மார்க் ஆய்வாளர்களின் கூட்டுச் சோதனை ஒன்றில், இயல்பாகவே உருளைப்புழு தொற்றிய பன்றிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2, 4, 8 கிராம் என்ற மூன்று அளவுகளில் பப்பாளிப் பால் கொடுக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குப் பின் புழுக்களின் எண்ணிக்கை முறையே ஏறத்தாழ 40, 80, 100 விழுக்காடு குறைந்திருந்தது. மிக உயர்ந்த அளவைப் பெற்ற பன்றிகளில் சிலவற்றுக்கு மறுநாள் இலேசான கழிச்சல் கண்டது. மூலிகை ஆய்வுகளில் இவ்வளவு தெளிவாக அளவும் விளைவும் ஒன்றையொன்று பின்தொடர்வதைக் காண்பது அரிது.

ஆனால் அந்த அளவைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து கணக்கிட வேண்டும். 20 கிலோ எடையுள்ள குட்டிக்குக் கிலோவுக்கு 8 கிராம் என்றால் 160 கிராம் பால் தேவை. பாதி அளவென்றாலும் 80 கிராம். பப்பாளிப் பால் எடுக்கும் முறை தமிழ்நாட்டு உழவர்களுக்கு நன்கு தெரிந்தது; கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2, கோ 5 ஆகிய இரகங்கள் இத்தொழிலுக்கு ஏற்றவை. இரண்டரை மாத வயதுடைய பச்சைக்காயில், காலை பத்து மணிக்கு முன், துருப்பிடிக்காத கத்தியால் காம்பிலிருந்து நுனிவரை நான்கு கீறல்களை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஆழமில்லாமல் இட வேண்டும். கீழே ஏந்திய அலுமினியத் தட்டில் வடிந்த பால் சிறிது நேரத்தில் தயிர்போல உறையும். மூன்று நான்கு நாள் இடைவெளியில் அதே காயை மீண்டும் கீறலாம். ஒரு காய் ஒருமுறையில் தருவது மிகச் சிறிதளவே என்பதால், ஒரே ஒரு குட்டிக்கான முழு அளவைக் கொல்லையில் நிற்கும் ஓரிரு மரங்களிலிருந்து திரட்டுவது கடினம். வெட்டவெளியில் விட்டுவைத்த பால் வீரியத்தை இழந்துவிடும். கையில் பட்டால் தோல் எரியும், கண்ணில் தெறித்தால் கேடு விளையும். இவற்றோடு மேகாலயத்தில் நிலத்தின் உயரமும் சேர்கிறது: 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஷில்லாங் பீடபூமியின் குளிரில் பப்பாளி செழிப்பதில்லை, ரி-போய், காரோ குன்றுகளின் தாழ்ந்த சரிவுகளுக்கே அது உரியது.

கொடுக்கும் முறையில் நேரும் பிழை இன்னும் பெரிது. மலைநாட்டுத் தீனி வேகவைத்துச் சூடாக ஊற்றப்படுவது; கொதிக்கும் கூழில் கலந்த பப்பாளிப் பாலின் நொதி வெந்து செயலிழந்துவிடும். ஆகவே கூழ் நன்கு ஆறிய பின்னரே கலக்க வேண்டும். பொதுத்தொட்டியில் கலந்து வைத்தால் வலுத்த பன்றி முழுவதையும் தின்றுவிட, மருந்து மிகவும் தேவைப்படும் மெலிந்த குட்டி ஓரத்தில் நிற்கும். ஒவ்வொன்றையும் தனியே நிறுத்திக் கொடுப்பதே வழி. பிடித்து அழுத்தி வாயில் ஊற்றுவதோ உயிருக்கே ஆபத்து. அலறும் பன்றியின் மூச்சுவழி திறந்தே இருப்பதால் திரவம் நுரையீரலுக்குள் சென்றுவிடும். பழுத்த பப்பாளியைத் தின்னக் கொடுத்தால் அதே பயன் விளையும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. காய் பழுக்கும்போது பால் வற்றிவிடுகிறது. விதையில் உள்ள காரப்பொருள் பாலின் நொதியோடு தொடர்பில்லாத வேறொரு சேர்மம்; பாலுக்குக் கிடைத்த சான்றை விதையின் கணக்கில் எழுத முடியாது.

பெருங்குடலில் வாழும் புழுக்களுக்கு வேறு பாதை உண்டு. காப்பியில் கலக்கும் சிக்கரியின் வேரில் இனுலின் என்ற மாவுப்பொருள் மிகுதி. பன்றியின் சிறுகுடல் அதைச் செரிப்பதில்லை. பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கச்செய்து அமிலங்களை உண்டாக்க, முடிச்சுப்புழுவுக்கு அந்த இடம் ஒவ்வாததாகிவிடுகிறது. டென்மார்க்கின் இயற்கைமுறைப் பண்ணைகளுக்காக நடந்த ஆய்வுகள் சிக்கரி வேரைத் தீனியில் சேர்த்தபோது முடிச்சுப்புழுவின் முட்டைகள் பெரிதும் குறைவதைக் காட்டின. சிறுகுடலில் வாழும் உருளைப்புழுவுக்கு அதே வேரால் தீங்கில்லை. துவர்ப்புப் பொருள்களின் கதையும் எச்சரிக்கை தருவது: திராட்சைத் தோல், மரப்பட்டை முதலியவற்றின் டானின்கள் கண்ணாடிக் குப்பியில் உருளைப்புழுவின் இளம்பருவத்தைச் செயலிழக்கச் செய்தன, திராட்சைச் சக்கையைப் பன்றிக்கே தீனியாகக் கொடுத்தபோது புழுக்களின் எண்ணிக்கை குறையவில்லை. குப்பிக்குள் சாறும் புழுவும் மட்டுமே உள்ளன. குடலுக்குள் சாறு உணவோடு கலந்து நீர்த்து, செரித்து, உறிஞ்சப்பட்டு, புழுவை அடையும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதைக் குப்பி சொல்லாது.

மூலிகை என்றால் தீங்கற்றது என்ற நம்பிக்கைக்கும் வரலாறு இடமளிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதருக்கும் பன்றிக்கும் கொடுத்த முன்னணிப் புழு மருந்துகள் பல செடிகளிலிருந்தே வந்தன. அமெரிக்கத் தென்மாநிலங்களில் ராக்ஃபெல்லர் ஆணையம் கொக்கிப்புழுவை ஒழிக்க முதலில் பயன்படுத்திய தைமால், இந்தியாவிலிருந்து ஏற்றுமதியான ஓமத்திலிருந்து வடிக்கப்பட்டுவந்த பொருள். அதற்குப் பின் வந்த செனோபோடியம் எண்ணெய் உருளைப்புழுவைச் சிறப்பாக வெளியேற்றியது. ஆனால் புழுவைக் கொல்லும் அளவுக்கும் நோயாளியைக் கொல்லும் அளவுக்கும் இடையே இருந்த தூரம் மிகக் குறுகியது. குழந்தைகள் உட்படப் பலர் அதனால் இறந்தனர். தமிழ் மரபில் புழுவுக்கு வழங்கப்படும் ஆடுதீண்டாப்பாளையில் சிறுநீரகத்தைச் சிதைத்துப் புற்றுநோயை உண்டாக்கும் அமிலம் இருப்பது இன்று உறுதிப்பட்ட செய்தி. இறைச்சிக்காக வளர்க்கப்படும் விலங்குக்கு அத்தகைய செடியைக் கொடுப்பதை மரபின் பெயரால் நியாயப்படுத்தக் கூடாது.

பன்றியோடு தொடர்புடைய ஒரு புழுவின் முன் மூலிகைக்கு இடமே இல்லை. மனிதர் குடலில் வாழும் பன்றி நாடாப்புழுவின் முட்டைகளை, திறந்தவெளியில் கழித்த மலத்தின் வழியாகப் பன்றி விழுங்கும்போது, அதன் தசைகளில் அரிசிமணி போன்ற நீர்க்கட்டிகள் உருவாகின்றன. அதே முட்டைகளை மனிதர் விழுங்க நேர்ந்தால் கட்டிகள் மூளையிலும் உருவாகி வலிப்பு நோயைத் தருகின்றன. தசைக்குள் பொதிந்த கட்டியைக் குடலில் செயற்படும் பாலோ சாறோ எட்டாது. ஆக்ஸ்ஃபென்டசோல் என்ற மருந்தைக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம் ஒரே வேளை கொடுப்பது அக்கட்டிகளை அழிக்கும். கழிப்பறையும் பன்றியைக் கொட்டிலில் அடைத்து வளர்ப்பதும் அவை உருவாவதையே தடுக்கும். ஒரு பிள்ளையின் வலிப்புக்குக் காரணமாகக்கூடிய இடத்தில் செடியைப் பரிந்துரைப்பது பொறுப்பற்ற செயல்.

மருந்துகள் வலுவற்றிருந்த காலத்தில் பன்றி உருளைப்புழுவை வென்ற முயற்சி ஒன்று உண்டு. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்க வேளாண்துறையின் பிரேட்டன் ரான்சம் என்ற ஒட்டுண்ணியியல் அறிஞரின் வழிகாட்டலில், இல்லினாய் மாநிலத்தின் மெக்லீன் வட்டாரத்து உழவர்கள் புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கொண்டே அதை அறுத்தார்கள். ஈனும் கொட்டில் கொதிநீராலும் காரக் கரைசலாலும் தேய்த்துக் கழுவப்பட்டது; தாய்ப்பன்றியை உள்ளே விடுமுன் அதன் மடியும் விலாவும் சோப்பிட்டுக் கழுவப்பட்டன, ஏனெனில் ஒட்டும் தன்மையுள்ள முட்டைகள் முலைக்காம்பிலிருந்தே குட்டியின் வாய்க்குச் செல்கின்றன; சில நாள்களில் தாயும் குட்டிகளும் முன்பு பன்றி மேயாத புல்வெளிக்கு மாற்றப்பட்டன. அங்கே அவற்றை நடத்திச் செல்லவில்லை, வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். பழைய மண்ணில் ஓர் அடி வைத்தாலும் முட்டை கூடவே வந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மேகாலயத்தின் உயர்த்திய பலகைக் கொட்டில் இந்த வகையில் ஏற்கெனவே பாதித் தொலைவைக் கடந்த அமைப்பு. பலகை இடுக்கின் வழியே கீழே விழும் சாணத்தை முட்டை முதிர்வதற்குள், அதாவது வாரம் ஒருமுறையேனும், அள்ளி அகற்றி, கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறும் எருக்குவியலில் புதைத்துவிட்டால், செடியின் வேலை வெகுவாகக் குறையும். அவ்வாறு குறைந்த வேலையைச் செய்யும் ஆற்றலே பெரும்பாலான செடிகளுக்கு உண்டு.

ஊர்களில் ஒரு செடியின் புகழ் பெரும்பாலும் சாணத்தில் கிடந்த ஒரு புழுவால் எழுகிறது. உருளைப்புழுத் தொற்றில் சிறுகுடலுக்கு வந்துசேரும் இளம்புழுக்களில் பெரும்பங்கை, தொற்றிய இரண்டு மூன்று வாரங்களில் பன்றியின் உடலே வெளியேற்றிவிடுகிறது. முதிர்ந்த புழுக்களும் முதுமையில் தாமாகவே வெளியேறும். அந்த நாளில் கொடுக்கப்பட்ட எந்தத் தழையும் பெருமையைப் பெற்றுக்கொள்ளும். இந்த மயக்கத்திலிருந்து மீளச் சாணத்தில் உள்ள முட்டைகளை எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. சிறிதளவு சாணத்தைச் செறிந்த உப்புக்கரைசலில் கலக்கி வடிகட்டினால் உருளைப்புழு, சாட்டைப்புழு, முடிச்சுப்புழு ஆகியவற்றின் முட்டைகள் மேலே மிதக்கும். கோடிட்ட கண்ணாடி அறையில் அவற்றை எண்ணிக் கிராமுக்கு இத்தனை என்று கணக்கிடலாம். இலைப்புழுவின் கனத்த முட்டை மிதக்காது. அதற்குச் சாணத்தைத் தண்ணீரில் கலக்கிப் படியவிட்டு அடிவண்டலைப் பார்க்க வேண்டும். சாணம் தின்னும் பழக்கத்தால் பன்றியின் குடல் வழியே வெறுமனே கடந்துபோகும் முட்டைகளும் உண்டு என்பதால், மிகக் குறைந்த எண்ணிக்கையைத் தொற்றெனக் கொள்ளக் கூடாது.

சோஃப்லாங் தோலுக்கும் ஆறிய கூழில் கலந்த பப்பாளிப் பாலுக்கும் ஊர் மட்டத்தில் செய்யத்தக்க சோதனை இந்த அளவுகோலையே கொண்டது. இலைப்புழு மிகுந்த தாழ்நில ஊரில் முந்தையதையும், உருளைப்புழு மிகுந்த ஊரில் பிந்தையதையும் எடுத்துக்கொண்டு, ஒரே வயதுக் குட்டிகளில் பாதிக்குச் செடியைக் கொடுத்து, மீதியை ஒன்றும் கொடுக்காமல் விட்டு, முதல் நாளும் பதினான்காம் நாளும் முட்டைகளை எண்ணி, இரண்டு மாதம் கழித்து எடையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றும் கொடுக்காமல் விட்ட குட்டிகளுக்குச் சோதனை முடிந்தவுடன் கால்நடை மருத்துவரின் மருந்தை இலவசமாகக் கொடுப்பதும், எடைக் குறைவால் அக்குடும்பங்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்வதும் சோதனை நடத்தும் நிறுவனத்தின் செலவாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பன்றியைச் சேமிப்பாக வைத்திருக்கும் பெண்ணிடம் அறிவியலுக்காக அதை மெலியவிடச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.